தட்டில் ஏறாத செண்ட்

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போ பக்கத்துச் செமோரில் ஒரு மண்டபம். என் அண்ணன் மகள் பவித்ராவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய தட்டுகள் வரிசையாக நின்றன. பழம், லட்டு, வேட்டி சட்டை, கைக்கடிகாரம்... நான் அவற்றில் ஒன்றை மட்டும் தேடிப் போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளைக்கான செண்ட் தட்டு.

ஏனென்றால், அந்த செண்டைக் கலந்தது நான்.

தட்டில் இருந்தது அது இல்லை. ஷாப்பிங் மாலில் வாங்கிய ஒரு டப்பா, பளபளவென்று செலோபேன் சுற்றி உட்கார்ந்திருந்தது. என் போத்தலுக்கு நான் கட்டியிருந்த ஊதா ரிப்பனை மட்டும் அவிழ்த்து அதற்குக் கட்டியிருந்தார்கள். ரிப்பன் நல்ல ரிப்பன். வீணாக்கக் கூடாது அல்லவா?

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் கணவர் செல்வம் காலமாகி இரண்டு வருடமாகிறது. வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள் தையல் படிப்பார்கள், கேக் செய்வார்கள். எனக்கு என்னவோ மூக்கின் பக்கம் மனசு போனது. ஆன்லைனில் ஒரு செண்ட் வகுப்பில் சேர்ந்தேன்.

ஈப்போவில் எங்கள் தாமான், நாங்கள் வாழும் குடியிருப்பு, எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். புருஷன் போன பிறகு இவளுக்கு யாருக்காக செண்ட் என்று என் காதில் விழும்படியே கேட்டார்கள். யாருக்காகவா? என் மூக்கு என் முகத்தில்தானே இருக்கிறது?

செண்ட் என்பது ஒரே வாசனை இல்லை. மூன்று வாசனை. அடித்தவுடன் வருவது டாப் நோட் — எலுமிச்சை, ஆரஞ்சு வகையறா. கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். அது போன பிறகு முகம் காட்டுவது நடு வாசனை — பூக்கள், மசாலாக்கள். எல்லாம் போன பிறகும் சட்டைக் காலரில் மறுநாள் வரை கிடப்பது பேஸ் நோட் — மரம், வேர், பிசின். கடையில் நாம் டாப் நோட்டை முகர்ந்துவிட்டு வாங்குகிறோம், வீட்டில் பேஸ் நோட்டோடு குடித்தனம் நடத்துகிறோம். கல்யாணமும் அப்படித்தான் என்று இந்த இடத்தில் எழுதலாம்... வேண்டாம், பவித்ரா படிப்பாள்.

வீட்டில் கலப்பது பெரிய வித்தை இல்லை. வாசனைத் திரவியத்துக்கென்று விற்கிற ஆல்கஹால், ஒரு டிராப்பர், நீளமாகக் கத்தரித்த காகிதத் துண்டுகள். முதலில் பேஸ், பிறகு நடு, கடைசியில் டாப். சொட்டுச் சொட்டாக. நாலைந்து முகர்ந்ததும் மூக்கு மரத்துவிடும். அப்போது காப்பிக் கொட்டையை முகரச் சொல்வார்கள், நம்பாதீர்கள். உங்கள் முழங்கை மடிப்பையே முகருங்கள். நம் தோலின் வாசனை நமக்குப் பழகியது, மூக்கு நிதானத்துக்கு வந்துவிடும். கலந்ததை இருட்டில் ஊற வைக்க வேண்டும். மூன்று நாலு வாரமாவது ஆகும். பொறுமை இல்லாதவர்கள் கேக்கே செய்யலாம்.

வகுப்பில் முதல் கலவையாக ரோஜா, மல்லிகை, சந்தனம் மூன்றையும் கலக்கச் சொன்னார்கள். உலகமெங்கும் மதிப்பான கூட்டணியாம். கலந்தேன். ஊற வைத்தேன். ஒரு காலையில் திறந்து மணிக்கட்டில் தடவினேன்.

நடு ஹாலில் செல்வம் படுத்திருந்தார்.

வேறு எப்படிச் சொல்வது? ரோஜா மாலை, மல்லிகைச் சரம், சந்தனம், பன்னீர்... நம் வீடுகளில் இவை எல்லாம் ஒன்றாகச் சேர்வது எப்போது? கல்யாணத்தில் என்பீர்கள். அங்கே பிரியாணி வாசம் வந்து காப்பாற்றிவிடும். மூடிய ஹாலில், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, இவை மட்டும் சேர்வது ஒரே ஒரு நாள்தான். பாரிசில் இருப்பவருக்கு அது காதல் வாசனையாக இருக்கலாம். நமக்கு அப்படி இல்லை.

பக்கத்து வீட்டு மேரி அக்கா ஜாடியைத் திருப்பித் தர வந்தவர், கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"என்னா லா ஜெயா இது? எழவு வீட்டு வாசமா அடிக்குது. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"நான்தான் கலந்தேன் க்கா."

"ஊத்திரு. இப்பவே சிங்க்ல ஊத்திரு. நான் தண்ணி தொறந்து விடுறேன்."

ஊற்றினோம். அன்று முழுவதும் நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம்தான் பவித்ரா வந்தாள். "அத்தை, அவருக்கு ஒரு செண்ட் கலந்து குடுங்க. கடையில வாங்குனா ஆபிஸ்ல நாலு பேரு அதையேதான் போட்டிருப்பாங்க. தட்டுல வைக்கணும்" என்றாள். அவளாகத்தான் கேட்டாள். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தட்டைத் தூக்க என்னைக் கூப்பிட மாட்டார்கள். தாலி உள்ளவர்கள்தான் தூக்குவார்கள், அது எனக்குத் தெரியும், பழகியும்விட்டது. முன்வரிசையில் நிற்காமல் இருக்கவும் பழகிக்கொண்டேன். ஆனால் தட்டில் என் கைச்சரக்கு ஒன்று போகப் போகிறது. அது போதும் என்று நினைத்தேன்.

ரோஜா கிடையாது. மல்லிகை கிடையாது. சந்தனத்தின் பக்கமே போகவில்லை. தம்புன் ஊரில் விளையும் பொமலோவின், அதாவது பம்பளிமாஸ் பழத்தின், தோலை மெல்லிசாகச் சீவி ஆல்கஹாலில் ஊறப்போட்டு டாப் நோட். நடுவில் ஜாதிக்காய், ஒரு சொட்டு செராய், அதுதான் எலுமிச்சைப் புல். அடியில் வெட்டிவேர். பொமலோவும் வெட்டிவேரும் முதலில் சண்டை போட்டன. ஜாதிக்காயைக் கூட்டினேன், சமாதானம் ஆயின. சாவு வீட்டை ஞாபகப்படுத்துகிற எதுவும் ஒரு துளிகூட உள்ளே போகாதபடி பார்த்துப் பார்த்துக் கலந்தேன். பவித்ராவுக்கும் விரல் நீளக் குப்பி ஒன்றில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன்.

மறுபடி செமோர் மண்டபத்துக்கு வருவோம். பின்பக்கம், சாப்பாட்டு மேசைகளுக்கு அருகில் அண்ணியைப் பிடித்தேன். என் அண்ணனும் பக்கத்தில் இருந்தார்.

"கோவிச்சுக்காத ஜெயா. நல்ல காரியம் பாரு. ஒன் கையால கலந்தத எப்புடி மொத மொத அந்தப் பையனுக்குக் குடுக்கறது? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நம்மளத்தானே சொல்வாங்க."

"போத்தல் எங்க அண்ணி?"

"காடியிலதான் இருக்கு. பத்திரமா இருக்கு லா."

மூடிய கார். மத்தியான வெயில். செண்டுக்குச் சூடு ஆகவே ஆகாது. அண்ணனைப் பார்த்தேன். கூடப் பிறந்தவர். ரசம் சூடாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

சாவு வாசனையைப் போத்தலில் இருந்து எடுத்துவிட்டேன். என் கையில் இருக்கிறது என்கிறார்கள். இதற்கு எந்த சோப்பு?

அண்ணன், அண்ணி, நான் மூன்று பேருமே சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர்கள். உறைந்த ரப்பர் பாலான கட்டிப்பாலின் நாற்றம் தலைமுடி வரை ஏறியிருக்கும். ஸ்கூல் பஸ்ஸில் டவுன் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அண்ணி அழுதுகொண்டு கடைசி சீட்டுக்கு வருவார். அவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எஸ்டேட்டை விட்டோம், வீடு வாங்கினோம், கார் வாங்கினோம். மூக்கைப் பிடிக்கும் பழக்கத்தையும் எங்கிருந்தோ வாங்கி வந்துவிட்டோம்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

மோதிரம் போட்டு முடிந்து, மாப்பிள்ளையின் அம்மா பவித்ராவைக் கட்டிப்பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. கழுத்துப் பக்கம் முகர்ந்தார்.

"என்னம்மா, இவ்ளோ நல்ல வாசமா இருக்கு? எங்க வாங்குன?"

பவித்ரா அந்தக் குப்பியைத்தான் போட்டிருந்தாள். பத்தடி தள்ளி, தூணுக்குப் பக்கத்தில் நான். அவள் என்னைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். 'எங்க அத்தை கலந்தது' — மூன்றே வார்த்தை சொன்னால் போதும்.

"லண்டன்ல இருந்து வந்தது சம்பந்தி. எங்க சொந்தக்காரங்க அனுப்புனது" என்றார் அண்ணி.

பவித்ரா தரையைப் பார்த்தாள்.

சின்னப் பெண், பாவம், அந்த இடத்தில் என்ன பேசுவாள் என்று பெருந்தன்மையாக எழுதத்தான் ஆசை. வரவில்லை. அண்ணி மேல் எனக்கு வந்தது எரிச்சல். பவித்ரா மேல் வந்தது வேறு. அது இன்னும் போகவில்லை. அன்று இரவே 'ஸாரி அத்தை' என்று கைகூப்பும் படத்தோடு மெசேஜ் வந்தது. நான் பதில் போடவில்லை.

புதன்கிழமை அண்ணி போன் செய்தார்.

"ஜெயா, சம்பந்தியம்மா அந்த செண்டு ஒண்ணு வேணுங்கறாங்க லா. விடாம கேக்குறாங்க."

"லண்டனுக்குப் போன் போடுங்க அண்ணி."

"வெளையாடாத. அந்தப் போத்தல் காடியில கெடந்து வாசமே மாறிப்போச்சு. புதுசா ஒண்ணு கலந்து குடு."

"என் கையால கலந்தா பரவால்லையா?"

 அண்ணியின் குரல் தணிந்தது. "அவங்களுக்கு எப்புடித் தெரியப் போகுது? ஸ்டிக்கர் கிக்கர் ஒண்ணும் ஒட்டாம குடு, போதும்."

ஆக, கெடுதல் என் கையில் இல்லை. என் பெயரில்தான் இருக்கிறது.

கலந்துவிட்டேன். அதே பொமலோ, அதே ஜாதிக்காய், அதே வெட்டிவேர். அலமாரியின் இருட்டில் ஊறிக்கொண்டிருக்கிறது. பதமானதும் அண்ணியிடம் கொடுக்க மாட்டேன். சம்பந்தியம்மாவின் வீட்டுக்கு நானே கொண்டு போய்க் கொடுப்பேன். செண்ட் ஊற நாளாகும். ஸ்டிக்கரை முதல் நாளே ஒட்டிவிட்டேன்:

'கலந்தவர்: ஜெயா. புருஷன் இல்லை. மூக்கு இருக்கிறது.'