மண்டபத்துச் சூடும் குழலியின் வெப்பமானியும்

செவிலிமேட்டில் கல்யாண மண்டபத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவனுக்கு இரண்டு விஷயம் நிச்சயம். பிளவுஸ் வேலைக்குக் குறைவில்லை, காதுக்கு நிம்மதியில்லை. நாதஸ்வரத்தையும் டிஜேவையும் மாற்றி மாற்றிக் கேட்டுக் கேட்டு, கோபம் என் மூக்கு நுனியிலேயே குடியேறிவிட்டது. யாரையும் சுலபத்தில் பாராட்டுகிற ஆள் இல்லை நான். ஆனாலும் ஏலவார்குழலியைப் பற்றி நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஊரில் அவளைக் குழலி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தது முசரவாக்கம். மண்டபத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அரசு விதைப்பண்ணை இருக்கிறது. அதன் மூலையில், கம்பி வேலிக்குள், நான்கு கால்களில் நிற்கும் ஒரு வெள்ளை மரப்பெட்டி. புதிதாகப் பார்ப்பவர்கள், இங்கே தேனீ வளர்க்கிறார்கள் போலிருக்கிறது என்பார்கள். அது வானிலை நிலையம். பெட்டிக்குள் வெப்பமானிகள் இருக்கின்றன. பகலில் வெப்பம் எதுவரை ஏறியது, இரவில் எதுவரை இறங்கியது என்று பார்த்துச் சென்னைக்குச் சொல்வது குழலியின் வேலை. மாதம் முடிந்ததும் சராசரி போட்டு அனுப்புவதும் அவள்தான்.

அந்த வேலை சும்மா வரவில்லை. சின்ன வயதில் அம்மா எல்லம்மாளோடு அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். பிளஸ் டூ முடித்துவிட்டு இதே பண்ணையில் களையெடுக்கும் கூலியாகச் சேர்ந்தாள். முன்பு அளவு பார்த்தவர் ஓய்வு பெற்றபோது, யாரும் கூப்பிடாமலே அதிகாரி முன்னால் போய் நின்று, "நான் பாக்கறேன் சார், எனக்குக் கத்துக்குடுங்க" என்றாள். களைக்கொத்து பிடித்த கைக்குக் கண்ணாடிக் குழாயா என்று சிலர் சிரித்தார்கள். சிரித்த ஒவ்வொருவரையும் அவள் இன்றுவரை மறக்கவில்லை. யாராவது எதிரில் வந்தால், "இன்னிக்கு எத்தினி டிகிரி, சொல்லு பாக்கலாம்?" என்று கேட்காமல் விடமாட்டாள். அடக்கத்தையெல்லாம் அவளிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அப்படிப்பட்டவள் போன வருடம் ஒருநாள் முகம் சுண்டிப்போய் என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். சென்னையிலிருந்து ஆய்வுக்கு வரும் அதிகாரி சிம்ரன் அன்று காலை வந்து போயிருந்தாள். சின்னப் பெண், தன்மையாகப் பேசுகிறவள். ஆனால் அவள் கொண்டுவந்த செய்தி நல்லதாக இல்லை.

"ரெண்டு வருஷமா என் ராத்திரி அளவு ஏறிக்கினே போவுதாம்ணா. திருமுக்கூடல் பக்கம் இருக்கற நிலையத்துல அப்படி இல்லியாம். வெப்பமானிய மாத்திப் பாத்துட்டாங்க. அப்பவும் அதே கதைதான். காரணம் தெரியலன்னா நிலையத்தையே மூடிடுவாங்களாம்."

"மூடினா உன்ன வேற எங்கயாவது போடுவாங்கம்மா."

"எங்க போடுவாங்க? திரும்பவும் களைக்கொத்துதான். அதுகூடப் பரவால்லண்ணா. குழலிக்கு ஒழுங்கா அளவு படிக்கத் தெரியலன்னு பேர் வந்துடும். அன்னிக்குச் சிரிச்சவன்லாம் இன்னிக்கும் சிரிப்பான்."

அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். அதைத் தவிர எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

ஆடி பிறந்து சில நாள் கழித்துச் சிம்ரன் மறுபடி வந்தாள். பண்ணையில் கரண்ட் இல்லையென்று இருவரும் என் கடைக்கு வந்து, துணி வெட்டும் மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டார்கள். கடந்த இரண்டு வருட மாதச் சராசரிகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை. ஜூலை கொஞ்சம் ஏறியிருந்தது, ஆகஸ்டும் கொஞ்சம் ஏறியிருந்தது, ஜூன் மிகவும் ஏறியிருந்தது. சிம்ரன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் என் பாட்டுக்குப் புலம்பிக்கொண்டிருந்தேன். "ஆடி வந்தா என் கடைக்கு ஈ கூட வராதும்மா. எதிர்ல மண்டபத்தையும் பூட்டிடுவாங்க. முகூர்த்தம் இருந்தாத்தானே பிளவுஸு? மார்கழிலயும் இதே பொழப்புதான்."

குழலி சட்டென்று திரும்பினாள். "அண்ணா, ஆடி எப்பப் பொறந்துது?"

"ஜூலை பாதியில."

"சிம்ரன்மா, ஜூலைய ரெண்டாப் பிரிச்சுப் பாரு."

பிரித்துப் பார்த்தார்கள். முன்பாதி ஏறியிருந்தது. பின்பாதி திருமுக்கூடல் அளவோடு அப்படியே ஒத்துப்போனது. ஆகஸ்டில் அதற்கு நேர்மாறாக, ஆடி இருக்கும்வரை சரியாக இருந்தது, ஆவணி பிறந்ததும் ஏறியது. டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்ததும் இறங்கி, தை பிறந்ததும் ஏறியது. இங்கிலீஷ் மாதத்தில் சராசரி போட்டதில் கல்யாண நாளும் கல்யாணமில்லாத நாளும் ஒன்றாகக் கலந்து, விஷயமே மறைந்துபோயிருந்தது. சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரை எடுத்து நான் முகூர்த்த நாள்களைப் படிக்கப் படிக்க, சிம்ரன் அந்த ராத்திரிகளின் அளவைத் தேடினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

மண்டபத்துக்கு ஏசி போட்டு அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதன் வெளிப்பெட்டிகள் எல்லாம் பின்சுவரில், குழலியின் பெட்டியைப் பார்த்தபடி வரிசையாக இருந்தன. விடியற்காலை முகூர்த்தம் என்றால் ராத்திரி முழுக்க ஓடும். தாலி ஏறியதும் மண்டப மேனேஜர் அருள் சிக்கனமாக ஏசியை அணைத்துவிடுவான். காலையில் குழலி அளவு பார்க்கப் போகும்போது அவை சத்தமில்லாமல் நல்ல பிள்ளையாக இருக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"அக்கா, அந்தப் பெட்டிங்கள வேற பக்கம் மாத்திட்டா போதும்," என்றாள் சிம்ரன். "தை முகூர்த்தம் முடியிற வரைக்கும் அளவு ஒத்துப்போச்சுன்னா, நிலையத்த மூட வேணாம்னு நானே எழுதிக் குடுக்கறேன். அவங்ககிட்டப் பேசுவீங்களா?"

பேசுவதா? குழலி அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டாள். நானும் கடையைச் சாத்தாமல் பின்னாலேயே ஓடினேன்.

மண்டபத்துக்காரர் வெங்கடேசன் நிலபுலன் உள்ள குடும்பம், அரசியலிலும் ஒரு கால். எல்லம்மாள் நாற்று நட்டது அவருடைய அப்பாவின் கழனியில்தான். அந்த வழக்கத்திலேயே பேசினார்.

"இன்னாடி குழலி, என் ஏசி என் சுவத்துல இருக்குது. வேணும்னா உன் பெட்டியத் தூக்கிக்கினு போ. ஒரு கல்யாணத்துல ஊருக்கே சூடு ஏறுதுன்னு சொன்னா யார் நம்புவாங்க?"

"ஊருக்கு ஏறல. என் பெட்டிக்கு ஏறுது. நம்பலன்னா புக்கிங் நோட்ட எடுங்க. இந்த மண்டபத்துல என்னென்னிக்கு ஏசி ஓடிச்சுன்னு நான் சொல்றேன், நீங்க சரி பாருங்க."

வெங்கடேசனுக்கு வேடிக்கை பார்க்க ஆசை. நோட்டை விரித்தார். அளவு ஏறிய ராத்திரிகளைச் சிம்ரன் குறித்துக் கொடுத்திருந்த தாளைப் பார்த்துக் குழலி தேதி தேதியாகச் சொல்ல, அவர் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. அப்போது குழலி சொன்னாள்:

"மார்கழில, வைகுண்ட ஏகாதசி ராத்திரி."

வெங்கடேசன் மேசையைத் தட்டிச் சிரித்தார். "மாட்டிக்கினியா! மார்கழில எவன் கல்யாணம் பண்ணுவான்? அன்னிக்கு நான் பெருமாள் கோயில்ல கண்ணு முழிச்சுக்கினு இருந்தேன். மண்டபம் பூட்டிக் கிடந்துது."

"பூட்டிக் கிடக்கல. ஏசி ராத்திரி முழுக்க ஓடியிருக்குது. முகூர்த்த ராத்திரியவிட ஜாஸ்தியாவே ஏறியிருக்குது."

அறையில் இன்னொருவன் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தோம். மேனேஜர் அருள், வெங்கடேசனின் மச்சான். சட்டைக் காலரெல்லாம் வியர்வை. ஏசி அறையில்!

"மாமா... ஃபிரண்டு ஒருத்தன் பர்த்டே... சின்னதா டான்ஸு, பிரியாணி..."

"ஏகாதசியன்னிக்கு என் மண்டபத்துல பிரியாணியாடா?"

அதற்கு மேல் அவர் பேசியதை எழுத முடியாது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். மச்சானைத் திட்டி முடித்து மூச்சு வாங்கியவர் குழலியைப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது.

"உக்காருங்கம்மா. நீங்க சொன்னது உண்மதான். ஆனா ஒண்ணு, இந்த ஏசிய எதுக்கு மாத்தணும்? அங்கயே இருக்கட்டும். எனக்கு இதவிட நல்ல வாட்ச்மேன் கிடைக்காது."

"என் பெட்டி வானத்தப் பாக்க வெச்சது. உங்க மச்சானப் பாக்க இல்ல," என்றாள் குழலி.

வெங்கடேசன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவர் யோசித்து முடிக்க அருள் விடவில்லை. ஆடி முடிவதற்குள் அவனே ஆளைக் கூட்டிவந்து, வெயிலில் நின்று மேற்பார்வை பார்த்து, அத்தனை வெளிப்பெட்டிகளையும் கழற்றி ரோட்டுப் பக்கச் சுவரில் மாட்டிவிட்டான். மண்டபத்துக்கு அவன் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்ததை நான் பார்த்ததே இல்லை. இப்போது அந்த அனல் மொத்தமும் என் கடைப் பக்கம்தான் வீசுகிறது. குழலியிடம் முறையிட்டேன். "ஃபேன் வாங்கிக்கோண்ணா" என்று போய்விட்டாள்.

ஆவணி முகூர்த்தங்கள் வந்தன. ஐப்பசியும் வந்தது. அவளுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு கல்யாணத்துக்கு மறுநாள் காலையும் பெட்டியின் கதவைத் திறக்குமுன் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் திறந்தாள். அளவு திருமுக்கூடலோடு ஒத்துப்போனது. தையில் ஊரே கல்யாணத்தில் மிதந்தது. மண்டபம் காலியாகவே இல்லை, நான் ஊசியைக் கீழே வைக்கவே இல்லை. அப்போதும் அளவு ஒத்துப்போனது.

மாசியில் ஒரு முகூர்த்த நாள் காலை சிம்ரன் வந்தாள். பண்ணை வேலியோரம் குழலியும் நானும் நின்றிருந்தோம். "அக்கா, நிலையம் இங்கயேதான் இருக்கும். ஆர்டர் வந்துடுச்சு," என்றாள். குழலி அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் விறுவிறுவென்று நடந்தாள். எங்கே போகிறாள் என்று புரியாமல் நாங்களும் தொடர்ந்தோம்.

மண்டபத்தில் யாருடைய கல்யாணமோ நடந்துகொண்டிருந்தது. வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் வெங்கடேசன் முக்கியஸ்தர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். வேலைப் புடவையும் மண் ஒட்டிய செருப்புமாகக் குழலி அந்த வாசல் நடுவில் போய் நின்றாள். மேளக்காரர்கள் மூச்சு வாங்க நிறுத்தியிருந்த நேரம் அது. அவள் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"முசரவாக்கத்து எல்லம்மா பொண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்த ஊர்ல எவ்ளோ வெயில்னு இனிமேலும் நான்தான் சொல்லுவேன்!"

கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். வெங்கடேசன் கைகூப்பி, "வாங்கம்மா, சாப்ட்டுப் போங்க" என்றார். குழலி சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, நேராக உள்ளே போய் முதல் பந்தியில் உட்கார்ந்தாள்.