இங்கிலாந்து ராசாவும் எங்கள் உண்டியல்காரரும்

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் சுவிஸின் பீல் நகரில் இருந்தோம். இளைய மகளை வகுப்பின் முன் நின்று பழைய புளோரன்ஸ் நகரத்தைப் பற்றி ஜெர்மனில் பேசச் சொல்லிவிட்டார்கள். பக்கத்து மேசைப் பெண்ணுக்கு முயல் வளர்ப்பு. எங்கள் அதிர்ஷ்டம் எப்போதும் அப்படித்தான்.

நூலகப் புத்தகத்தை வாசித்து அவள் எனக்குத் தமிழில் சொல்வாள். ஊரில் உயர்தர வகுப்புவரை வரலாறு படித்த மிதப்பில் நான் விளக்கம் சொல்வேன். அந்த ஊர்க் கம்பளி வியாபாரிகள், கள்ளருக்குப் பயந்து காசோடு பயணம் போவதில்லை. புளோரன்ஸில் ஒருவரிடம் பொற்காசைக் கொடுத்தால், லண்டனில் அவருடைய ஆள் அந்த ஊர்க் காசைத் தருவான். இடையில் ஒரு துண்டுக் கடிதம் மட்டும் போகும்.

"அட, இது எங்கடை உண்டியல்!" என்றேன்.

உண்டியல்காரர் எங்கள் தெருவில்தான் இருந்தார். வீட்டின் முன்னறையில் அரிசி, மிளகாய்த்தூள் விற்பார், வீடியோப் படக் கொப்பிகள் வாடகைக்குக் கொடுப்பார். அவரிடம் பிராங்கைக் கொடுத்தால், கொழும்பில் புடவைக்கடை வைத்திருக்கும் அவருடைய மச்சான் எங்கள் ஆட்களுக்கு ரூபாய் கொடுப்பார். துண்டுக் கடிதம்கூடக் கிடையாது. புளோரன்ஸ்காரர் அவ்வளவுக்கு முன்னேறவில்லை போலும்.

மற்றதும் பொருந்தியது. புளோரன்ஸில் துணி விற்றவர்கள் காசு மாற்றினார்கள், பிறகு கடன் கொடுத்தார்கள். கடன் வாங்கியவர்களுக்கு எதிர்த்துப் பேச வாய் வராததால் நகரமே அவர்கள் கைக்குள் வந்தது. பிறகு கோயில் படங்களில் சாமிகளுக்குப் பக்கத்தில் தங்கள் முகத்தையும் வரைவித்தார்கள். எங்கள் உண்டியல்கார அண்ணையும் வெங்காயத்தில் தொடங்கியவர்தான். இப்போது வாடகை மண்டபத்துச் சரஸ்வதி பூசையில் முன்வரிசையில் யார் இருப்பது என்று அவர்தான் தீர்மானித்தார். சரஸ்வதி படத்தின் அடியில் அவருடைய பெயர் இருந்தது. சரஸ்வதியின் பெயர் இருக்கவில்லை.

"அப்ப அண்ணை பிரபுவோ அம்மா?"

"ஓம். ட்ரக் சூட் போட்ட பிரபு."

சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். "அம்மா, வங்கியெல்லாம் முறிஞ்சு போச்சாம். இங்கிலாந்து ராசா சண்டைக்குக் கடன் வாங்கிப்போட்டுத் திருப்பிக் குடுக்கேல்லையாம். காசு போட்ட சனத்துக்கு ஒண்டும் கிடைக்கேல்லையாம்."

மூத்த மகள் கொழும்பில் ஒரு லொட்ஜில் தனியே இருந்தாள். அவளை இங்கே கொண்டுவர ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்கவேண்டிய முழுக் காசையும் போன கிழமை அண்ணையிடம் கொடுத்திருந்தோம். கிடைத்ததென்று அவளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வீட்டுச் செருப்போடு ஓடினேன்.

அண்ணை வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உங்களிட்டை ஆரும் பெரிய ஆக்கள் கடன் வாங்கியிருக்கினமோ? இங்கிலாந்து ராசா மாதிரி?"

"ராசாவோ? தங்கச்சி, மூண்டு பேர் படக் கொப்பி கொண்டுபோய்த் திருப்பித் தரேல்லை. அதிலை ஆர் ராசா எண்டு தெரியாது."

நான் அழுதுவிட்டேன். அவர் தராசை விட்டுவிட்டுத் தொலைபேசியில் கொழும்பு எண்ணைச் சுழற்றத் தொடங்கினார். லைன் கிடைக்கும்வரை, மூக்கைச் சிந்தியபடி அவருக்குப் புளோரன்ஸ் கதை முழுவதையும் சொன்னேன். கடைசியில் மச்சான் வந்தார். அண்ணை ரிசீவரை என்னிடம் தந்தார்.

"பிள்ளை வந்தவ, அக்கா. லொட்ஜிலை பொலிஸ் சோதனை நடக்குது, காசோடை இருக்கப் பயமாக் கிடக்கு, ஏஜென்சி கேக்கேக்கை எடுக்கிறன், நீங்களே வைச்சிருங்கோ எண்டவ. உங்களுக்கு அறிவிக்கச் சொன்னவ. நான்தான் மறந்துபோனன்."

வங்கி எப்படி வளர்ந்தது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. கெட்டித்தனம் பாதி; மீதி, என் பிள்ளையைப் போலப் பயந்து காசை விட்டுவைத்த ஆட்கள். இளையவள் அதையும் வகுப்பில் சொன்னாள். புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஆசிரியை கேட்டாராம். இன்றைக்கும் மூத்தவளின் தொலைபேசி அழைப்பு ஒரு நாள் பிந்தினால் இங்கிலாந்து ராசா வந்து என் வயிற்றில் குந்திவிடுகிறான்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் மூத்தவள் எங்களிடம் வந்து சேர்ந்தாள். காசைப் பத்திரமாக வைத்திருந்ததற்கும் மச்சான் ஒரு பங்கு கழித்துக்கொண்டார் என்றாள். சண்டை பிடிக்கப் போனேன்.

"பின்னை என்ன தங்கச்சி?" என்றார் அண்ணை. "உங்கடை புளோரன்ஸ்காரன் சும்மாவோ வைச்சிருந்தவன்?"

ஒரு கிலோ வெண்டிக்காய் வாங்கினேன். தராசு முள்ளை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.