நல்ல சிப்பை முடக்கியவள்

சோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. பதினொரு வருஷமாகக் கணினிச் சிப்களைச் சோதிக்கிறாள். முழுசாகத் தேறாத சிப்பில் பழுதான பாதியை முடக்கி, வேகம் குறைந்த மலிவு ரகமாக விற்பது வழக்கம். போட்டிக் கம்பெனி மலிவுச் சிப்பை இறக்கிய வாரம் மேலாளர் வந்தார்.

"தேறினதுலயும் கொஞ்சத்தைப் பாதியா முடக்கிடும்மா. மலிவு ரகத்துக்குச் சரக்கு பத்தல."

"நல்லா ஓடுறதக் காலைக் கட்டி விடச் சொல்றீங்களா சார்?"

"நல்லதையே மலிவா வித்தா, ஒசத்தி ரகத்த எவன் வாங்குவான்?"

பழுதில்லாத சிப்களை, திரும்பச் சரிசெய்ய முடியாதபடி அவளே முடக்கினாள்.

கட்டடக்கலை படிக்கும் தன் மகளுக்கு அந்த மலிவு ரகச் சிப் போட்ட கணினிதான் அவளால் வாங்க முடிந்தது. இறுதித் தேர்வு வரைபடம் அதில் வேகம் போதாமல் பாதியில் உறைந்து நின்றது. கெடு முடிந்து, வருஷமே வீணானது.

"என் கெட்ட நேரம்மா" என்றாள் மகள்.

நேரமாவது, காலமாவது. ஓர் உத்தரவும் தன் கையும்தான் காரணம் என்று அக்காவுக்குத் தெரியும். மறுநாள் காலை அதே மேசையில் உட்கார்ந்து, அடுத்த நல்ல சிப்பை முடக்கினாள்.