அப்பா கொடுத்த மெத்தை

என் கல்யாணச் சீரில் வந்தவற்றில் அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டது மெத்தையைத்தான். இலவம்பஞ்சு மெத்தை, அதற்கு நாடா பின்னிய இரும்புக் கட்டில். மாரண்டஹள்ளியில் தக்காளித் தோட்டம் வைத்திருந்தவர், ஆயுசு முழுக்கக் கோரைப்பாயில் படுத்தவர். சீர் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் உள்ளங்கையால் மெத்தையை அமுக்கிக் காட்டி, “எப்படி உள்ள போவுது பாருங்க” என்றார்.

மூன்று வருடத்தில் நாங்களும் உள்ளேதான் போனோம். நாடா தொய்ந்து, பஞ்சு ஒதுங்கி, நடுவில் குழி விழுந்துவிட்டது. ஆளுக்கொரு ஓரமாகப் படுத்தாலும் விடியும்போது இருவரும் குழிக்குள் கிடப்போம். என் கணவர் பென்னாகரம் பஸ்ஸில் கண்டக்டர். நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற மனுஷன் ஒருநாள், “வேக்காடா இருக்குது, கீழ படுத்துக்கறேன்” என்று பாயை விரித்தார். மார்கழி வந்த பிறகும் அவருக்கு வேக்காடாகவே இருந்தது. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவார். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பெண் வீட்டுச் சீரை மாற்றினால் கொடுத்தவரைக் குறை சொன்னதாகிவிடும். அவர் என் அப்பாவுக்காகப் பேசாமலிருந்தார், நானும் அப்பாவுக்காகவே பேசாமலிருந்தேன். நடுவில் அவர் முதுகு போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் குனிந்து செருப்பை மாட்ட முடியாமல் அவர் நின்றதைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே தர்மபுரி கடைவீதிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மெத்தைக்கடைக்கார பாய் தேங்காய் நார் மெத்தை ஒன்றைப் பலகைக் கட்டிலில் போட்டு, “படுத்துப் பாருங்க, அப்பதான் தெரியும்” என்றார். வீதியில் போகிற வருகிறவர்கள் பார்க்க எப்படிப் படுப்பது? இவர் விளிம்பில் உட்கார்ந்து கையால் தட்டிப் பார்த்து, “நல்லாத்தான் இருக்குதுங்க” என்றார். பாய் சிரித்துக்கொண்டே வாசல் படுதாவை இறக்கிவிட்டார்.

இவர் படுத்தார். முதுகு எங்கேயும் குழியவில்லை. கண்ணை மூடினார். வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. அந்த முகத்தைப் பார்த்தேன். கட்டிய புருஷனின் முதுகைவிட அப்பாவின் பெருமையை உசத்தியாக வைத்துவிட்டேனே என்று என்மீதே ஆத்திரம் வந்தது.

மெத்தையும் பலகைக் கட்டிலும் வீட்டுக்கு வந்தன. நாடாக் கட்டிலைக் கொல்லையில் சாய்த்துவைத்தோம். பழைய மெத்தையை மட்டும் வெளியே போட மனசு வரவில்லை. அப்பா வருவதாகத் தகவல் வந்த அன்று, புதியதன் மேலேயே அதை விரித்து, கட்டில் கால் தெரியாமல் போர்வையைத் தரைவரை தொங்கவிட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

தக்காளிப் பையை இறக்கி வைத்த அப்பா, எப்போதும்போல நேராகப் போய் மெத்தையை அமுக்கினார். கை பஞ்சுக்குள் இறங்கி, கெட்டியாக எதிலோ இடித்து நின்றது. போர்வையைத் தூக்கிப் பார்த்தார்.

“மாப்ளைக்கு முதுகு வலிங்களா?”

“அதெல்லாம் ஒன்னுமில்லைங்க மாமா” என்றார் இவர், நேராக நிற்கப் பார்த்து.

அப்பா என் பக்கம் திரும்பினார். “எங்கிட்டயும் கடைக்காரன் படுத்துப் பாக்கத்தாம்மா சொன்னான். நாலு பேரு பாப்பாங்களேன்னு கூச்சமாப் போச்சு. கையால அமுக்கிப் பாத்துட்டு வாங்கியாந்துட்டேன்.”

மறைக்காமல் இருந்திருந்தால் ஒரு வார்த்தையோடு போயிருக்கும். இப்போது மகளும் மருமகனும் நாடகம் ஆடியதையும் அவர் பார்க்க வேண்டியதாயிற்று. சாப்பிட்டதும் மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டார். “வுடுங்க மாமா, நான் எடுத்தாரேன்” என்று இவர் கை நீட்டியதற்கு, “நீங்க குனியாதீங்க மாப்ள” என்று தானே தோளில் தூக்கிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே போனேன். தோட்டத்துக் காவலாளுக்கு ஆகும் என்றார்.

பொங்கலுக்கு மாரண்டஹள்ளி போனபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த மெத்தை கிடந்தது. அப்பாதான் அதில் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“பஞ்சு நல்ல பஞ்சும்மா” என்றார்.