கச்சானுக்குப் பறக்காத தும்பி

இந்தப் பற்றரித் தும்பியைச் செய்தவரே, பெட்டியில் 'காற்றிலும் பறக்கும்' என்று எழுதி என் பேரைக் கெடுத்தது நீர்தான். திருவிழாக்களில் தார்ப்பாய் விரித்து விளையாட்டுச் சாமான் விற்கிறவனுக்கு வாயை விட்டால் வேறு முதல் கிடையாது. பாதையோரம் கத்திப் பிழைக்கிற எவனுக்கும் இது விளங்கும்.

சாத்திய கதவு

கொழும்பு மொத்தக் கடையில் முதலாளி கதவைச் சாத்திவிட்டுத்தான் றிமோட்டை அமத்திப் பறக்கவிட்டார். நாலு செட்டையும் படபடக்க, தும்பி அலுமாரியைச் சுற்றிவந்து என் கையிலேயே இறங்கியது. நான் விலையைக் குறைப்பதிலேயே குறியாக இருந்தேன். வேர்த்து ஊற்றியது. ஃபேனைப் போடச் சொன்னேன். மனிசன் சுவிட்சை மறித்துக்கொண்டு நின்று, அண்ணன் முறை வைத்து என்னை 'நானா' என்று குழைந்தார்.

"ஃபேன் வேணாம் நானா, தும்பிக்குக் கூச்சம்."

எந்தக் காற்று

தலவில தேவாலயத்து ஓகஸ்ட் திருவிழாவில் கடற்கரைப் பக்கம் இடம் கிடைத்தது. மகளோடு வந்த கற்பிட்டி மீன்காரர் ஒருவர் தும்பியைத் தூக்கிப் பார்த்து, "கச்சானுக்குப் பறக்குமா?" என்றார். கடலிலிருந்து விட்டுவிட்டு அறைகிற மேல்காற்றைத்தான் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பறக்காட்டி இனி இந்தத் திருவிழாவில கடை விரிக்கமாட்டன்!" என்று சனம் கேட்கக் கத்தினேன்.

மகள் விட்டாள். காற்று ஒரே வீச்சு. தும்பி குப்புறப் புரண்டு, பக்கத்தில் கடலை வறுக்கிறவரின் சட்டிக்குள் விழுந்தது. எங்கள் பக்கம் அந்தக் கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். அவர் கரண்டியால் அதைத் தூக்கி நீட்டினார்.

"அவர் கேட்டது காத்துக் கச்சான். எனக்கு ஏன் நானா அனுப்புறீங்க?"

விறைப்பு

மீன்காரர் போய்விடாமல் மகளோடு அங்கேயே நின்றார். அதுதான் கூடச் சுட்டது. என் தார்ப்பாய்க் கம்பின் நுனியில் நிஜத் தும்பி ஒன்று இருந்தது. காற்று அறையும்போதெல்லாம் எழும்பி, சரிந்து, அதே நுனிக்கு வந்தது.

பந்து வாங்க வந்த கம்பஸ் பிள்ளை ஒருத்தி, பல்கலைக்கழகத்தில் பூச்சி மாதிரிப் பறக்கிற சின்ன மெஷின் செய்து பார்க்கிறவளாம், என் சாமானின் செட்டையைத் தடவினாள். "நிஜச் செட்டைக்கு முன்விளிம்புதான் விறைப்பு, பின்பக்கம் இளக்கம். காத்து அடிச்சா முறுகி விட்டுக்குடுக்கும். நாலு செட்டையும் தனித்தனியா வீச்சை மாத்தும். இதுக்கு முழுக்க விறைப்பு" என்றாள். என்னைப் பற்றியும் வீட்டில் இதையேதான் சொல்கிறார்கள். "அப்ப நீங்க செஞ்சது பறக்குதோ?" என்று பாய்ந்தேன்.

"இல்ல மாமா, அதுவும் விழுது. ஆனா நாங்க அதை விக்கல்ல."

கத்தரிக்கோல்

செட்டைகளின் பின்பக்கச் சட்டத்தை வெட்டி எறிந்தேன். மெல்லிய ஷொப்பிங் பேக்கைக் கிழித்து ஒட்டி, மீன்காரரின் மகளிடமே கொடுத்தேன். வீச்சு வந்தது. தும்பி சரிந்தது, செட்டை முறுகியது, நிமிர்ந்துவிட்டது! சனம் கை தட்டியது. அடுத்த வீச்சையும் தாங்கியது. தாங்கித் தாங்கியே தென்னந்தோட்டத்துக்கு மேலால் போய்விட்டது. றிமோட்டை எவ்வளவு அமத்தியும் அது மதிக்கவில்லை. மீன்காரர் அது மறையும்வரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பறக்குது நானா, ஒத்துக்கொள்றன். இனி திரும்பி வாறது ஒண்டு எடுங்க."

நான் சொன்ன சொல் நின்றதா விழுந்ததா என்று எனக்கே தெரியாததால், செய்தவரே, அடுத்த திருவிழாவுக்குள் விட்டுக்கொடுக்கவும் வீடு திரும்பவும் தெரிந்த செட்டை ஒன்றைச் செய்து தாரும், இல்லாவிட்டால் நீரே வந்து என் இடத்தில் நின்று கத்தும்.