மூன்றாவது சிட்டிகை

போன வருடம் கோடை சீசன் முடிந்து, மழை பிடிப்பதற்கு முந்தைய நாட்களில் ஊட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கேத்தியில் நடந்தது இது. நாங்கள் சில பெண்கள் சேர்ந்து, மண்டிக்குப் போகாத கோணல் கேரட்டுகளை வாங்கிச் சீவி, பாலித்தீன் கூடாரத்துக்குள் காயவைத்துப் பொடியாக்கி விற்கிறோம். குழந்தைகளுக்குக் கஞ்சியில் கலந்து கொடுக்கிற பொடி. என் இரண்டு வயது மகளுக்கும் காலையில் அதுதான். முதல்முறையாகக் கோவையிலிருந்து ஒரு கடைக்காரர் பெரிய ஆர்டர் கொடுத்தார். ஈயம் மாதிரி எதுவும் கலக்கவில்லை என்று ஒரு லேப் ரிப்போர்ட் மட்டும் கேட்டார். நம்ம ஊர் கேரட்டில் ஈயம் எங்கிருந்து வரும் என்று சிரித்துக்கொண்டே, குன்னூரில் ஒரு லேபில் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சொன்ன தேதியில் ரிப்போர்ட் வரவில்லை. போன் செய்தால், சோதனை செய்கிற பெண்ணே எடுத்துப் பேசினார். என்னைவிடச் சின்னவராக இருக்கும் என்று குரலிலேயே தெரிந்தது. பாக்கெட்டில் மூன்று இடங்களிலிருந்து சிட்டிகை சிட்டிகையாக எடுத்துப் பார்த்தாராம். இரண்டில் ஈயம் இல்லை என்றே சொல்லலாம், மூன்றாவதில் மட்டும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் அனுமதித்த அளவுக்குள்தான் வருகிறது, ஆனாலும் கையெழுத்துப் போட மனசு வரவில்லை என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பொடி முழுவதும் பாக்கெட் போட்டு அடுக்கி வைத்திருக்கிறோம், இந்தப் பெண்ணுக்கு மனசு வரவில்லையாம். அந்தச் சராசரியையே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன்.

"குழந்தை சராசரியச் சாப்பிடாதுங்க்கா. அந்த ஒரு ஸ்பூனத்தான் சாப்பிடும்" என்றார்.

அன்று காலையில் என் மகள் கிண்ணத்தை வழித்து நக்கியது கண்முன்னே வந்தது. அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை. அடுத்த பஸ்ஸில் குன்னூருக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கே அவர் செய்கிற வேலையைப் பார்த்து அசந்துபோனேன். துளியூண்டு பொடியை ஆசிட்டில் போட்டு, மூடிய குப்பிக்குள் சூடாக்கித் தண்ணீர் மாதிரி ஆக்கிவிடுகிறார். அதை ஒரு மிஷின் உறிஞ்சி, பயங்கரமான சூட்டில் ஆவியாக்கி, உள்ளே எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறது. அதைவிட என்னை அசத்தியது வேறு. மூன்றாவது சிட்டிகையில் ஈயம் வந்ததும் அவர் முதலில் சந்தேகப்பட்டது எங்களை இல்லை, தன்னையேதான். பொடியே போடாமல் வெறும் ஆசிட்டை மட்டும் ஓட்டி, குப்பியில் அழுக்கில்லை என்று உறுதி செய்துகொண்டு, மறுபடி புதிதாகச் சிட்டிகைகள் எடுத்துப் பார்த்திருக்கிறார். அப்போதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஈயம் காட்டியிருக்கிறது.

"மண்ணுலருந்து வந்துருந்தா எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கோணும். இது வேற என்னமோ உள்ள வுழுந்துருக்குதுங்க்கா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தன் லீவு நாளில், அவரே கேத்திக்கு வந்தார். கழுவுகிற தொட்டி, சீவுகிற கத்தி, மிக்ஸி என்று ஒன்று விடாமல் பார்த்தார். கூடாரத்துக்குள் நுழைந்ததும் கேரட் காயப்போடுகிற தட்டுகளின் முன்னால் நின்றுவிட்டார். கடைக்காரர் பார்க்க வருகிறார் என்று, வலை அடித்த அந்தத் தட்டுகளின் மரச்சட்டங்களுக்கெல்லாம் நாங்கள் ஆரஞ்சு பெயின்ட் அடித்திருந்தோம். என் வீட்டுக்காரர் தன் பிக்கப் வண்டிக்கு அடித்ததில் மீந்தது. கேரட்டுக்குப் பொருத்தமான கலர் என்று எங்களுக்கு ரொம்பப் பெருமை வேறு. சட்டத்தில் ஒட்டிக்கொண்ட கேரட் வில்லைகளைத் தோசைக்கரண்டியால் சுரண்டும்போது பெயின்ட்டும் கூடவே வந்திருக்கிறது. ஆரஞ்சுப் பொடியில் ஆரஞ்சுத் துகள் விழுந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துப்போய்ச் சோதித்தார். அதில்தான் ஈயம், அதுவும் ஏகத்துக்கு. ஓரமாகக் கிடந்த பெயின்ட் அடிக்காத பழைய தட்டில் காயவைத்த பொடி சுத்தமாக இருந்தது. மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடச் சொன்னதும் அவர்தான். பெயின்ட் அடித்து அதிக நாள் ஆகாததால் ரத்தத்தில் ஈயம் ஏறவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. இத்தனைக்கும் நடுவில், அடுக்கி வைத்திருந்த பொடியை மாட்டுக்காவது போடலாமா என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அந்தப் பெண் பதறிப்போய் வேண்டவே வேண்டாம் என்றார். அந்தப் பொடியை எப்படி அப்புறப்படுத்த வேண்டும் என்றும் அவரே சொல்லிக் கொடுத்தார். கடைக்காரரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். அவர் காத்திருந்து புதுப் பொடியை வாங்கிக்கொண்டார்.

இப்போது எங்கள் தட்டுகளில் பெயின்ட் கிடையாது, வெறும் மரமும் வலையும்தான். என் மகள் இன்றைக்கும் கிண்ணத்தை வழித்து நக்குகிறாள். கையெழுத்துப் போட்டிருந்தால் யாரும் அந்தப் பெண்ணைத் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு ஒரு மகள் இருப்பதே தெரியாமல் அவர் அன்று பேனாவைக் கீழே வைத்தாரே, கஞ்சியில் ஸ்பூனைப் போடும்போதெல்லாம் அவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஊட்டுகிறேன்.