மேற்கே சூலம், விமானம் கொழும்பு வழி

சில வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதத்தில், ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் நடந்தது இது. லண்டனில் என் மகளுக்குத் தலைப்பிரசவம். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் போயே ஆக வேண்டும். விசா வந்துவிட்டது, டிக்கெட்தான் கைக்கு எட்டவில்லை.

நெல்லுக்கு வருஷத்துக்கு ஒரு விலைதான் சொல்கிறார்கள். விமானத்திலோ ஒரே ஸீட்டுக்குக் காலையில் ஒரு விலை, சாயந்திரம் ஒரு விலை. ஏன் இப்படி என்று பட்டுக்கோட்டை டிராவல்ஸ் கடை பாயைத் துளைத்தெடுத்தேன். அவரும் சலிக்காமல் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். சென்னையை விட்டுத் திருச்சியில் ஏறினால் குறைவு. கொழும்பில் இறங்கி மாறினால் இன்னும் குறைவு. சுற்றிப் போனால் விலை குறைகிற அதிசயத்தை அன்றுதான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் காலண்டர் பார்க்காமல் பஸ்கூட ஏற மாட்டார். அவர் நாள் பார்த்துச் சொல்வதற்குள் விலை ஏறிவிடும். இப்படியே கோட்டை விட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் எங்களுக்குக் கட்டுப்படியாகிற மாதிரி ஒரே ஒரு டிக்கெட் மிஞ்சியது. அது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கூடாது.

“கொழும்பு நமக்கு மேற்கயாம்மா இருக்கு? முதல்ல அங்கதானே போறீங்க?” என்றார் பாய். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“போய்ச் சேர்ற ஊருதான் கணக்கு” என்று முறைத்தார் என் வீட்டுக்காரர்.

அதை விட்டால் குழந்தை பிறந்த பிறகுதான் போக முடியும். “பரஸ்தானம் வெச்சிடலாங்க” என்றேன். நல்ல நாளில் பெட்டியை மட்டும், போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அன்றைக்கே தொடங்கியதாக அர்த்தம். அவரும் ஒத்துக்கொண்டார். டிக்கெட் போட்டோம்.

அப்புறம்தான் உறைத்தது. எங்களுக்கு மேற்கே இருப்பது ஒரே வீடு. எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர் வீடு. குத்தகையைப் பதிவு செய்வதில் தகராறாகி, அவர் போட்ட வழக்கு கோர்ட்டில் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது.

வெட்கத்தை விட்டு நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மனைவி வாசலோடு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். விஷயத்தைக் கேட்டவர், “பொண்ணுக்கு இது எத்தனாவது மாசம்?” என்றார். பெட்டியை வாங்கிச் சாமி மாடத்தின் அருகில் வைத்தார்.

அப்படி வைத்த பெட்டி மறுபடி நம் வீட்டுக்குள் வரக் கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை கார் அவர்கள் வாசலில் நின்றது. என் வீட்டுக்காரர் இறங்கத் தயங்கினார். அதற்குள் வழக்குப் போட்டவரே பெட்டியைத் தூக்கி வந்து டிக்கியில் வைத்தார்.

“போயிட்டு வாங்கம்மா. தாயும் புள்ளையும் நல்லா இருப்பாங்க.”

என் வீட்டுக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமலே, “வெயிட்டா இருக்குமே, என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல” என்றார்.

நான் போய்ச் சேர்ந்த வாரமே பேத்தி பிறந்தாள். பெட்டியைக் காலி செய்தபோது அடியில், துணி சுற்றிய ஒரு டப்பா இருந்தது. சுக்கும் திப்பிலியும் மணக்கும் பிரசவ லேகியம். எங்கள் வீட்டில் கிண்டியதில்லை. அந்த அம்மாதான் சொல்லாமல் வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மகளுக்கு அதை உருட்டிக் கொடுத்தபோது அழுதுவிட்டேன்.

வழக்கு இன்னும் நடக்கிறது. தீர்ப்பு யார் பக்கம் வந்தாலும், என் மகளுக்குப் பிரசவ மருந்து கிண்டிக் கொடுத்த வீட்டை எதிராளி வீடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.